என் கதைக்கு வந்த சார்ஜ் ஷீட்

நான் எழுதிய கதையை ஒருவர் எழுந்து நின்று உரக்க வாசித்தது என் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் நடந்திருக்கிறது. கேட்க நாலு பேர் இருந்தார்கள். இடம், பம்பாய்க் கோட்டைப் பகுதியில் எங்கள் ஆபீஸின் மூன்றாவது மாடி. நிகழ்ச்சி, இலாகா விசாரணை. குற்றம் சாட்டப்பட்டவன் நான்.

நல்ல மழைக்காலம். அறை மூலையில் நாலு குடைகளைச் சாத்தி வைத்திருந்தார்கள். அவற்றிலிருந்து வடிந்த தண்ணீர் மேஜைக்கு அடியில் ஊர்ந்து வந்து என் வலது கால் ஷூவைக் கண்டுபிடித்தது. காலை நகர்த்தினால் அதுவும் ஒழுங்கீனத்தில் சேர்ந்துவிடுமோ என்று பயந்து அப்படியே நனையவிட்டேன்.

விசாரணை அதிகாரி பாட்லிவாலா வெள்ளைப் புருவம் கொண்ட பார்ஸிக்காரர். தமிழில் ஒரு எழுத்தும் தெரியாது. அவருக்காகக் கதையை இங்கிலீஷில் மொழிபெயர்த்து, டைப் அடித்து, கையில் வைத்துக்கொண்டு நின்றது எங்கள் செக்‌ஷன் டைப்பிஸ்ட் ஞானமணி.

"வாசிக்கலாம்" என்றார் பாட்லிவாலா.

ஞானமணி தொண்டையைச் செருமிக்கொண்டாள். நான் நனைந்த ஷூவையே பார்த்தேன். காரணம் இருந்தது. அந்தக் கதையில் அவளும் இருந்தாள்.

டெம்பரரி

எந்த இலாகா என்று சொல்லமாட்டேன். பென்ஷன் இன்னும் அங்கிருந்துதான் வருகிறது.

அறுபதுகளின் நடுவில் நான் அங்கே கீழ்நிலைக் குமாஸ்தா. கல்யாணமாகி மாட்டுங்கா மெஸ்ஸை விட்டு, செம்பூரில் ஒரு சாலில், அதாவது வரிசை அறைக் குடியிருப்பில், ஒற்றை அறைக்குக் குடிவந்திருந்தேன். மெஸ்ஸில் ரசத்தில் மிளகைத் தேட வேண்டியிருந்தது. செம்பூரில் என் மனைவி கமலா வைத்த ரசத்தில் மிளகு மட்டும்தான் இருந்தது. இரண்டையும் குறை சொன்னேன். அந்த வயதில் எனக்கு எல்லாவற்றின் மேலும் ஒரு அபிப்பிராயம் இருந்தது.

ஆபீஸில் நான் டெம்பரரி. அந்தச் சொல்லின் கனம் அரசாங்க வேலை பார்த்தவர்களுக்குத்தான் புரியும். நிரந்தரமான ஆளை வேலையை விட்டு அனுப்ப சார்ஜ் ஷீட், விசாரணை, அப்பீல் என்று வருஷக்கணக்கில் இழுக்கும். டெம்பரரி ஆளுக்கு ஒரு மாத நோட்டீஸ் போதும். காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை.

சேர்ந்த அன்றே நடத்தை விதிகள் அடங்கிய புத்தகத்தைக் கொடுத்து, படித்துவிட்டேன் என்று கையெழுத்து வாங்கினார்கள். நானும் போட்டேன். புத்தகத்தை மேஜை ஆடாமல் இருக்கக் காலுக்கு முட்டுக் கொடுத்தேன். பிற்பாடு அதைக் குனிந்து உருவி எடுக்க வேண்டிய நாள் வந்தபோதுதான் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தது. பெரிய விலைக்கு எதை வாங்கினாலும் மேலிடத்துக்குச் சொல்ல வேண்டுமாம். அந்த விதியை மீறுகிற வாய்ப்பு எனக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. முன் அனுமதி இல்லாமல் பத்திரிகைக்கு எழுதக் கூடாது என்றும் ஒரு விதி இருந்தது. அதைத்தான் மீறியிருந்தேன்.

சிவப்பு மசி மகாராஜா

எங்கள் செக்‌ஷன் சூப்பரின்டென்ட் குல்கர்னி. ஒல்லியான மனிதர். கோட்டுப் பையில் சங்கிலி போட்ட ஒரு கடிகாரம் வைத்திருப்பார். ஆபீஸ் பத்தரைக்கு. பத்து நாற்பதுக்கு அந்தக் கடிகாரத்தை எடுத்துப் பார்த்து, வருகைப் பதிவேட்டில் வராதவர்கள் பெயருக்கு நேரே சிவப்பு மசியில் ஒரு கோடு போடுவார். மூன்று கோடு விழுந்தால் ஒரு நாள் லீவு போகும்.

ஹார்பர் லைன் வண்டியை நம்பிப் பிழைத்த எனக்கு ஒரு வருஷத்தில் பல கோடுகள் விழுந்தன. கோபத்தில் ஒரு கதை எழுதினேன். தலைப்பு, 'சிவப்பு மசி மகாராஜா'. அதில் வரும் சூப்பரின்டென்டின் பெயர் குண்டோதர ராவ். குல்கர்னி ஒல்லியாக இருந்ததால் குண்டு என்று வைத்தால் யாருக்கும் அடையாளம் தெரியாது என்று கணக்குப் போட்டேன். குண்டோதர ராவ் தன் கடிகாரத்தைப் பத்து நிமிடம் வேகமாக ஓட வைத்துக் குமாஸ்தாக்களின் லீவைத் தின்று கொழுக்கிறார். கடைசியில் எல்லோரும் சேர்ந்து கடிகாரத்தைக் கேன்டீன் டீ அண்டாவில் போட்டுவிடுகிறார்கள். இதுதான் உச்சக்கட்டம். இதை எழுதும்போது நான் தனியாகச் சிரித்ததாகக் கமலா சொல்வாள்.

கதைக்குப் பெண் பாத்திரம் ஒன்று வேண்டியிருந்தது. ரோஸி என்று ஒரு டைப்பிஸ்டைச் சேர்த்தேன். இரண்டு விரலால் டைப் அடிப்பவள், 'டியர் சார்' என்பதை 'டெட் சார்' என்று அடித்து உயிரோடிருக்கும் டைரக்டருக்கு அனுப்பியவள், திருநெல்வேலி இழுப்பில் இங்கிலீஷ் பேசுபவள்.

எங்கள் செக்‌ஷனில் டைப்பிஸ்ட் ஒருத்திதான். ஞானமணி. மாட்டுங்கா லேபர் கேம்ப் என்ற குடியிருப்பில் வீடு. திருநெல்வேலிச் சீமையில் நாசரேத் பக்கத்துக் குடும்பம், ஆனால் அவள் வளர்ந்ததெல்லாம் பம்பாயில். ஆபீஸில் எல்லோரிடமும் இங்கிலீஷ், பியூனிடம் ஹிந்தி. என்னிடம் மட்டும் அபூர்வமாக ஓரிரு தமிழ் வார்த்தை. பம்பாயில் வளர்ந்த பெண் தமிழ் படிக்க எங்கே கற்றிருக்கப் போகிறாள் என்று நினைத்துத்தான் தைரியமாக எழுதினேன்.

சென்னையிலிருந்து வரும் ஒரு வாரப் பத்திரிகை அதைப் போட்டது. 'மாட்டுங்கா மைந்தன்' என்ற புனைபெயரில். நான் மட்டும் வாயை மூடிக்கொண்டிருந்திருந்தால் அந்த மைந்தன் யாரென்று யாருக்கும் தெரிந்திருக்காது.

கேன்டீனில் ஒரு கச்சேரி

ஆனால் எனக்கு வாய் இருந்தது. பத்திரிகையில் நாலு பிரதி வாங்கினேன். தமிழ் படிக்க ஆளில்லாத ஆபீஸுக்கு மூன்றைக் கொண்டுபோனேன். ஒன்றில் 'அன்புடன், மாட்டுங்கா மைந்தன்' என்று எழுதி, அடியில் என் சொந்தப் பெயரையும் போட்டு ஷிண்டேக்குக் கொடுத்தேன். ஷிண்டே பக்கத்து மேஜைக்காரன். செம்பூரில் எங்கள் சாலில் பக்கத்து அறையும் அவனுடையதுதான்.

"கியா லிக்கா ஹை, பதாவ் நா" என்றான் அவன், என்ன எழுதியிருக்கிறாய், சொல்லேன் என்று.

டீ நேரத்தில் கேன்டீனில் கதையை ஹிந்தியும் இங்கிலீஷுமாக அபிநயத்தோடு சொன்னேன். ரோஸி வரும் பகுதியை மட்டும் விட்டுவிட்டேன். ஞானமணி இரண்டு மேஜை தள்ளி உட்கார்ந்திருந்தாள். மற்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஷிண்டே இல்லாத கடிகாரத்தை இல்லாத கோட்டுப் பையிலிருந்து எடுத்துப் பார்ப்பதுபோல் நடித்துக் காட்டினான்.

அப்போது குல்கர்னி உள்ளே வந்தார். எல்லோரும் ஒரே நேரத்தில் வாயை மூடினோம். அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "என்ன வேடிக்கை? நானும் சிரிக்கலாமா?" என்று இங்கிலீஷில் கேட்டார். மேஜைமேல் கிடந்த பத்திரிகையை எடுத்தார். புரியாத எழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஷிண்டேயைக் கேட்டு அதை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் நிர்வாகப் பிரிவுக்கு இரண்டு வரி எழுதினார். 'இந்தச் செக்‌ஷனைப் பற்றித் தமிழில் ஏதோ வந்திருப்பதாகத் தெரிகிறது. மொழிபெயர்ப்பு ஒன்று கிடைக்கச் செய்யவும்.' அவ்வளவுதான். அவர் புகார் கொடுக்கவில்லை. எதற்குச் சிரித்தார்கள் என்று தெரிந்துகொள்ள மட்டும்தான் கேட்டார்.

ஆனால் நிர்வாகப் பிரிவுக்குள் ஒரு தாள் போனால் போன மாதிரி திரும்பாது. கேன்டீனில் நான் கதை சொன்னதை விசாரித்துக்கொண்டு, மொழிபெயர்ப்பு இல்லாமலே, ஒரு மாதம் கழித்து அது எனக்கு மெமோவாக வந்தது. முன் அனுமதி இல்லாமல் பத்திரிகையில் எழுதியது ஒரு குற்றம், மேலதிகாரியைக் கேலிக்கு உள்ளாக்கியது இன்னொரு குற்றம். பத்து நாளில் விளக்கம். குற்றம் என்று காரணம் எழுதிவிட்டால் டெம்பரரிக்கும் விசாரணை வைத்தாக வேண்டுமாம்.

விளக்கம்

கமலாவிடம் மெமோவைக் காட்டினேன்.

"வேலை போயிடுமா?" என்றாள்.

"அதெல்லாம் போகாது."

"கதையிலே நான் வரேனா?"

"இல்லை."

"அந்த மட்டும் தப்பிச்சேன்" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போனாள். ஆனால் அன்றைக்கு அவள் சரியாகச் சாப்பிடவில்லை. பேச்சில் தைரியமாக இருந்த நானும் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் ஆபீஸில் மேஜைக்காலடியிலிருந்து புத்தகத்தை உருவினேன். மேஜை ஆடத் தொடங்கியது. படித்தேன். அனுமதி வாங்க வேண்டும் என்ற விதிக்கே ஒரு விலக்கு இருந்தது. எழுதியது முழுக்க முழுக்க இலக்கியமாகவோ கலையாகவோ விஞ்ஞானமாகவோ இருந்தால் அனுமதி தேவையில்லை. துள்ளிக் குதித்தேன். நாலு பக்க விளக்கம் எழுதினேன். அதில் இலக்கியம் என்ற வார்த்தை பத்தொன்பது தடவை வந்தது. அதை டைப் அடித்துக் கொடுத்தவள் ஞானமணிதான். முகத்தில் எதுவும் தெரியவில்லை.

மொழிபெயர்ப்பை நானே செய்து தருகிறேன் என்று முன்வந்தேன். குற்றம் சாட்டப்பட்டவர் செய்யக் கூடாது என்று பதில் வந்தது. சரி, ஆபீஸில் தமிழ் பேசுகிறவர்கள் இருக்கிறார்களே தவிரப் படிக்கிறவர்கள் இல்லை, மொழிபெயர்க்க ஆள் கிடைக்காமலே ஃபைல் மூடிவிடும் என்று நிம்மதியாக இருந்தேன்.

ஒரு வாரம் கழித்து ஞானமணி பெயருக்கு உத்தரவு வந்தது. அவளுடைய சர்வீஸ் புத்தகத்தில் 'எழுதப் படிக்கத் தெரிந்த மொழிகள்' என்ற இடத்தில் தமிழ் என்று போட்டிருந்ததாம். பிறகு விசாரித்தேன். தாராவியில் அவர்கள் சர்ச்சில் ஞாயிறுதோறும் வேதபாடம் வாசிப்பதே அவள்தான். வெளியூர்ப் பாதிரியார் இங்கிலீஷில் பிரசங்கம் செய்தால் பக்கத்தில் நின்று வரிக்கு வரி தமிழில் சொல்வதும் அவள்தான்.

விசாரணையில் எனக்கு உதவியாக இன்னொரு ஊழியரை வைத்துக்கொள்ள உரிமை இருந்தது. என்னைவிட நன்றாக இங்கிலீஷ் பேசுகிறவன் அந்த ஆபீஸில் யார் என்ற எண்ணத்தில் நானே வாதாடப் போவதாக எழுதிக் கொடுத்தேன். பதினோரு குறுக்குக் கேள்விகள் தயார் செய்தேன். மூன்றில் எனக்கே அர்த்தம் தெரியவில்லை.

வாசிப்பு

ஞானமணி வாசித்தாள். சர்ச்சில் வாசிக்கிற மாதிரியே, நிதானமாக, ஏற்ற இறக்கம் இல்லாமல். குண்டோதர ராவின் தொந்தி வர்ணனையை அவள் வாசித்தபோது அது ஏதோ வியாதியின் அறிகுறி போல ஒலித்தது. சிரிப்பு என்ற ஒன்றை எடுத்துவிட்டால் என் கதையில் என்ன மிஞ்சுகிறது என்பதை அன்றுதான் கேட்டேன். ஒரு மனிதரை ஏழு பக்கம் திட்டியிருந்தேன்.

பாட்லிவாலா கையை உயர்த்தினார். "ஒரு நிமிடம். இந்த இடம் நகைச்சுவையா?" என்று என்னைக் கேட்டார்.

"ஆமாம் சார்."

ஸ்டெனோ பக்கம் திரும்பி, "இந்த இடம் நகைச்சுவை என்று குற்றம் சாட்டப்பட்டவர் கூறுகிறார் என்று எழுது" என்றார்.

இப்படி மூன்று இடத்தில் கேட்டார். மூன்றையும் எழுதினார்கள்.

ரோஸி வந்தாள். ஞானமணியின் குரல் மாறவில்லை. இரண்டு விரல் வந்தது. டெட் சார் வந்தது. திருநெல்வேலி இழுப்பு வந்தது. அந்த இழுப்பை இங்கிலீஷில் எப்படிச் சொல்வாள் என்று நினைத்தேன். 'அவள் தன் ஊரின் குரலில் பேசினாள்' என்று வாசித்தாள். நான் எழுதியதைவிட அது நன்றாக இருந்தது.

வாசித்து முடித்ததும் பாட்லிவாலா ஞானமணியைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். "உங்கள் செக்‌ஷனில் எத்தனை டைப்பிஸ்ட்?"

"ஒருத்தி, சார்."

"யார்?"

"நான்தான் சார்."

பாட்லிவாலா என் பக்கம் திரும்பினார். "ரோஸி என்பது இந்த அம்மாளா?"

ஆமாம் என்றால் கதை கற்பனை என்ற என் வாதம் போச்சு. கற்பனை இல்லை என்றால் இலக்கியம் இல்லை. இலக்கியம் இல்லை என்றால் வேலை இல்லை. "இல்லை சார். முழுக் கற்பனை" என்றேன். அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்.

"நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று அவளைக் கேட்டார்.

ஞானமணி தாள்களை மேஜைமேல் வைத்தாள். "ரோஸி 'டெட் சார்' என்று டைப் அடிக்கிறாள். நான் ஒரு நாளும் அப்படி அடித்ததில்லை. ஆகையால் அது நானாக இருக்க முடியாது, சார்."

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். டெட் சார் உண்மையாக நடந்தது. ஆனால் அப்படி எழுதியது நான். அவசரத்தில் கையால் எழுதிய டிராஃப்டில் 'டெட் சார்' என்று இருந்ததை ஞானமணி கண்டுபிடித்து, பென்சிலால் வட்டம் போட்டு, என் மேஜைக்கு வந்து, யாருக்கும் கேட்காத குரலில் சொல்லித் திருத்தி அடித்தாள். அந்தத் தப்பைத்தான் அவள் தலையில் கட்டிக் கதையாக்கியிருந்தேன்.

"குறுக்குக் கேள்வி உண்டா?" என்றார் பாட்லிவாலா.

பதினோரு கேள்விகளும் என் சட்டைப் பையில் இருந்தன. "இல்லை சார்" என்றேன்.

ஐந்து நிமிடம்

அடுத்தது குல்கர்னி. அதுவரை ஜன்னல் ஓரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

"இந்தக் குண்டோதர ராவ் நீங்களா?"

குல்கர்னி யோசித்தார். "கடிகாரம் என்னுடையதுதான். மற்றது எதுவும் எனக்குப் பொருந்தவில்லை" என்றார். பிறகு, கொஞ்சம் தயங்கி, "ஆனால் ஒன்று. அதில் பத்து நிமிடம் வேகம் என்று இருக்கிறது. அது தவறு" என்றார்.

கடிகாரத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். பாட்லிவாலா தன் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். குல்கர்னியின் கடிகாரம் ஐந்து நிமிடம் பின்னால் இருந்தது.

"ரிப்பேரா?"

"இல்லை. தினமும் நானே திருப்பி வைக்கிறேன். அம்பர்நாத், கல்யாண் பக்கத்திலிருந்து வருகிற பையன்கள் இருக்கிறார்கள். மழையில் வண்டி நின்றால் அவர்கள் என்ன செய்வார்கள்? கோடு போடாமல் இருக்க எனக்கு அதிகாரம் இல்லை. கடிகாரம் என் சொந்தக் கடிகாரம்." சட்டென்று தான் என்ன சொல்லிவிட்டோம் என்று உறைத்தது போலிருக்கிறது. "இது ரெக்கார்டில் ஏற வேண்டாம், சார்" என்றார்.

பாட்லிவாலா ஸ்டெனோவைப் பார்த்தார். ஸ்டெனோ பென்சிலைக் கீழே வைத்தான். "மழைச் சத்தத்தில் எனக்கு எதுவும் கேட்கவில்லை" என்றார் பாட்லிவாலா.

அந்த ஐந்து நிமிடத்தில் எத்தனை தடவை நான் மூச்சு வாங்க ஓடி வந்து கையெழுத்துப் போட்டிருப்பேன் என்று எண்ணிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. வெளியே வரும்போது குல்கர்னி என் தோளுக்கு அருகில் வந்தார். "டீ அண்டாவில் போட்டீர்களே, அது நன்றாக இருந்தது. ஆனால் அந்த டீயை யாரும் குடித்தார்களா என்று நீங்கள் எழுதவில்லை" என்றார். கேலியா, உண்மையாகவே சந்தேகமா, எனக்கு இன்றுவரை தெரியாது.

இரண்டு வாரத்தில் உத்தரவு வந்தது. கதையின் பாத்திரங்கள் உண்மையான நபர்கள் என்று நிரூபிக்கப்படவில்லை. எனவே அது இலக்கிய வகையைச் சேர்ந்தது, அனுமதி தேவையில்லை. குற்றச்சாட்டுகள் கைவிடப்படுகின்றன. கடைசி வாக்கியத்தை மனப்பாடமாகச் சொல்வேன். 'அந்த இலக்கியத்தின் தரம் இந்த விசாரணையின் வரம்புக்குள் வராது.'

என் எழுத்துக்குக் கிடைத்த முதல் விமர்சனம் அது.

மைசூர்பாகு

அடுத்த நாள் காலையில் குர்லாவில் வண்டி மாறி, மாட்டுங்காவில் இறங்கி, மார்க்கெட்டில் அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கினேன். நெய் ஊறிப் பொட்டலம் கசிந்தது. மத்தியானம் எல்லோரும் கேன்டீனுக்குப் போன பிறகு ஞானமணியின் மெஷின் பக்கத்தில் போய் நின்றேன். பொட்டலம் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

"என்ன சார், டிராஃப்டா?" என்றாள்.

"இல்லை. உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும்னு..."

"எதுக்கு?"

"அந்த ரோஸி..."

அவள் டைப் அடிப்பதை நிறுத்தினாள். முதல் தடவையாக என்னிடம் முழுத் தமிழில் பேசினாள். "ரோஸி நான் இல்லன்னு நீங்கதான சொன்னிய? நானும் இல்லன்னுதான சொன்னேன்? ரெண்டும் ரெக்கார்டுல ஏறியாச்சு. இப்பம் வந்து மன்னிப்பு கேட்டியன்னா, ரெண்டு பேரும் விசாரணையில பொய் சொன்ன மாதிரி ஆயிரும்லா? எனக்கு வேல வேணும் சார். வீட்டுல ஆறு பேரு சாப்பிடணும்."

"அப்ப நான் என்னதான் செய்யறது?"

"ஒண்ணும் செய்யாண்டாம். மனசுக்குள்ள வச்சுக்கிடுங்க." கொஞ்சம் நிறுத்தி, "பத்திரிகை வந்த அன்னைக்கே படிச்சிட்டேன் சார். எங்க கேம்ப்ல எல்லாரும் படிச்சாவ. கடியாரத்த வச்சு எங்க ஆபீஸுன்னு கண்டுபிடிச்சிட்டாவ. எங்க அம்மா ரெண்டு நாளு என்கூடப் பேசல. நெசமாவே நான்தான் தப்பா அடிச்சேன்னு நெனச்சிட்டாவ" என்றாள்.

பொட்டலத்தை முதுகுக்குப் பின்னாலேயே கை மாற்றினேன். விதிப் புத்தகத்தில் தண்டனைகள் வரிசையாக இருக்கின்றன. கண்டிப்பு, சம்பள உயர்வு நிறுத்தம், பதவி இறக்கம், வேலை நீக்கம். மன்னிப்புக் கேட்க முடியாமல் அதே அறையில் தினமும் உட்கார்ந்திருப்பது அந்த வரிசையில் இல்லை.

"முதுகுக்குப் பொறத்தால என்னத்த மறைச்சு வச்சிருக்கிய? சட்டையெல்லாம் நெய்யி" என்று கையை நீட்டினாள்.

கொடுத்தேன். அதற்குள் செக்‌ஷன் ஆட்கள் கேன்டீனிலிருந்து திரும்ப ஆரம்பித்திருந்தார்கள். ஞானமணி எழுந்து பொட்டலத்தைப் பிரித்தாள். "எல்லோரும் வாருங்கள்! இவர் வீட்டில் விசேஷம்!" என்று இங்கிலீஷில் அறிவித்தாள். அவள் முகத்தில் சிரிப்பே இல்லை. எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். என்ன விசேஷம், என்ன விசேஷம் என்று கேட்டார்கள். அவளும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

உண்மையைச் சொல்ல முடியாது. வேறு எதுவும் தோன்றவில்லை. "என் மனைவி... குழந்தை..." என்றேன்.

ஷிண்டே கட்டிப் பிடித்தான். குல்கர்னி எழுந்து வந்து கை குலுக்கினார். "இன்று அரை மணி முன்னால் போங்கள். வீட்டில் இருங்கள்" என்றார். ஞானமணி ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு மெஷின் முன்னால் உட்கார்ந்தாள்.

அரை மணி முன்னால் கிளம்பினேன். ஆனால் நேரே வீட்டுக்குப் போகத் துணிவில்லாமல் வி.டி. ஸ்டேஷனில் பெஞ்சில் உட்கார்ந்து, மூன்று வண்டிகளை விட்டுவிட்டு நாலாவதில் ஏறினேன். ஷிண்டே எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடுவான் என்பது மூளைக்கு எட்டவில்லை.

சாலில் படியேறினேன். வாசலில் கமலா நின்றுகொண்டிருந்தாள். கையில் ஒரு கிண்ணம் நிறைய மாங்காய் ஊறுகாய். ஷிண்டேயின் மனைவி கொண்டுவந்து கொடுத்து, கன்னத்தைத் தடவி, மராத்தியில் பத்து நிமிடம் புத்தி சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

கமலா கிண்ணத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"இனிமே கதையே எழுதறதில்லைன்னு நேத்துதானே சொன்னேள்?" என்றாள்.